அடிபட்ட தசைக்குள்ள முளைச்ச எலும்பு

தொடையில பலமா ஒரு அடி. ரெண்டு மூணு வாரத்துல அதே இடத்துல கல்லு மாதிரி ஒரு கட்டி, நாளுக்கு நாள் பெருசாகுது. சதையைக் கிள்ளி பயாப்ஸி பார்த்தா, வேகமா பிரியுற செல்கள். உங்களுக்கு என்ன தோணும்? கேன்சர்தானே?

ஒரு காலத்துல பல டாக்டர்களுக்கும் அதான் தோணுச்சு. சிலருக்குக் காலே போச்சு.

ஆனா இது கேன்சர் இல்லைங்க. பேரு மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ். அடிபட்ட தசை தன்னைச் சரிபண்ணிக்கிற வேகத்துல, தசை இருக்க வேண்டிய இடத்துல எலும்பை வளர்த்துடுது.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகள்ல இது தெரிஞ்ச சங்கதிதான். குதிரைப்படை வீரருக்கு உள்தொடையில வந்தா 'சவாரி எலும்பு'. துப்பாக்கி இடிச்சு இடிச்சுத் தோள்ல வந்தா 'பயிற்சி எலும்பு'. கட்டியை வெட்டி மைக்ரோஸ்கோப்புல பார்க்குற காலம் வந்த பிறகுதான் பயம் பெருசாச்சுன்னு நினைக்கிறேன்.

1958ல அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர நோய்க்குறியியல் நிபுணர் லாரன் அக்கர்மேன் ஒரு கட்டுரை எழுதினார். கட்டியை முழுசாப் பாருங்க, அதுல அடுக்கு இருக்குன்னார். நடுவுல தாறுமாறான இளம் செல்கள். அதைச் சுத்தி இளம் எலும்பு. ஓரத்துல நல்லா முத்துன எலும்பு. எலும்புக் கேன்சர்ல இது தலைகீழ்: ஓரத்துலதான் முத்தாத செல்கள் இருக்கும்.

அப்போ நடுவுல மட்டும் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்தா? ஸ்லைடுல பாதிக் கதைதான் தெரியும்.

எக்ஸ்ரேயும் இப்படித்தான். முதல் ரெண்டு வாரம் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. 3லிருந்து 6 வாரத்துக்குள்ள முட்டை ஓடு மாதிரி விளிம்புல ஒரு வெள்ளை வளையம் தெரிய ஆரம்பிக்கும்.

என்கிட்ட ஒரு கபடிப் பையன் வந்தான். வேற இடத்துச் சீட்டுல 'சார்கோமா?'ன்னு எழுதியிருந்துச்சு. அடிபட்டதைப் பத்தி ஒரு வரி கிடையாது. அவன் சொல்லல, யாரும் கேக்கல. அம்மா தோட்டை அடகு வச்சுட்டு வந்திருந்தாங்க. போதாக்குறைக்கு, வீட்டுல தினமும் எண்ணெய் போட்டு நீவி விட்டிருக்காங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, ரத்தக்கட்டும் கட்டியும் கூடத்தான் செய்யும்.

அதுக்காக, அடிபட்ட இடம்தானேன்னு கட்டியை விட்டுடவும் கூடாது. நிஜமான கேன்சர் நோயாளிகளும் 'அன்னிக்கு இடிச்சுக்கிட்டேன் டாக்டர்'னுதான் ஆரம்பிப்பாங்க. காட்டணும், திரும்ப எக்ஸ்ரே எடுக்கணும்.

பையனுக்கு ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தோம். வளையம் பளிச்சுன்னு இருந்துச்சு. ஆறு மாசத்துல கட்டி பாதியாச் சுருங்கிடுச்சு. இப்போ மறுபடி கபடிக்குப் போறேன்னு அடம்பிடிக்கிறான்.