இணையவழிப் பாடவமைப்பும் மன்றமும்: ஒரு வரலாற்று நோக்கு

கற்றல் மேலாண்மை அமைப்பு என இக்காலத்தார் வழங்கும் கணினி ஏற்பாட்டில் ஒரு பாடத்தை நிறுவுதல் வெறும் கருவித் தொழில் என்றே பலரும் கருதுகின்றனர். அக்கருவி தோன்றி வளர்ந்த வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் 1960-இல் தொடங்கிய ‘பிளேட்டோ’ என்னும் அமைப்பு, கணினிவழிக் கல்விக்கு முன்னோடியாக எண்ணப்படுவது. அதன்கண் கணினி வினவும். மாணவர் விடை தருவர். 1973-இல் டேவிட் வூலி என்னும் இளைஞர் ‘நோட்ஸ்’ என்றொரு பகுதியை அதற்கென ஆக்கினார். அமைப்பின் குறைகளைப் பயன்படுத்துவோர் அறிவித்தற்கு எழுந்த அப்பகுதி, விரைவிலேயே பலரும் பல பொருள் பற்றி உரையாடும் இடமாயிற்று. இன்று ‘மன்றம்’ என நாம் வழங்குவதன் பழைய வடிவங்களுள் அஃது ஒன்று. குறை கூறுதற்குப் பிறந்த இடமே கலந்துரையாடும் இடமானது வியப்பன்று. நம் துறைகளிலும் அவ்வாறு நிகழ்வதுண்டு.

இணையம் பரவிய 1990-களில் கனடாவில் ‘வெப்சிடி’ தோன்றியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் அதனைப் பேணிவந்த மார்ட்டின் டூகியாமாஸ், அதன்கண் நிறைவு கொள்ளாது 1999-இல் புதியதோர் அமைப்பைச் சோதித்தார். 2002 ஆகஸ்டில் அது ‘மூடில்’ என்னும் பெயரோடு முதற்பதிப்பாக வெளிவந்தது. அதன் நிரலை எவரும் பெற்றுத் திருத்திக்கொள்ளலாம் என உரிமையும் அளித்தார். அவர் இளமையில் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில், பள்ளிக்குச் செல்லவியலாத் தொலைவில் வாழ்ந்து, வானொலி வாயிலாகவும் வானூர்தியில் வந்த தாள்கள் வாயிலாகவும் கற்றவர். பிரிவுக்குரிய நிலமாகப் பாலையை வகுத்த மரபில் பயின்ற எமக்கு இச்செய்தி தனிச்சுவை தருகின்றது. பிறர் காணும் வண்ணம் ஒன்றைத் தாமே ஆக்கும்போதுதான் அறிவு வலுப்பெறும் என்னும் கொள்கையே அவர்தம் அமைப்புக்கு அடிப்படை.

இக்கொள்கையை அறியாமல் யாம் செய்த பிழையை ஈண்டுக் கூறுதல் தகும். 2020-இல் வகுப்பறைகள் மூடப்பட்டபோது, முதுகலை மாணவர்க்கெனக் குறுந்தொகைப் பாடம் ஒன்றை மூடிலில் நிறுவினோம். பாடத்தின் பெயர், தொடங்கும் நாள், வாரப் பகுப்பு ஆகியவற்றை நிரப்பினோம். வாரந்தோறும் குறிப்புகளைக் கோப்பாக ஏற்றினோம். புதுப்பாடத்தைத் திறந்தவுடன் அறிவிப்பு மன்றம் ஒன்று தானே தோன்றும். இயல்பு நிலையில் அதில் ஆசிரியரே எழுதலாம். மாணவர் மறுமொழி எழுத இயலாது. யாம் அம்மன்றம் ஒன்றோடு அமைந்தோம். மாணவர் கோப்புகளைப் பெற்றனர், பேசினாரல்லர். கணினி இருந்தும் யாம் நடத்தியது பழைய அஞ்சல்வழிக் கல்வியே.

அடுத்த பருவத்தில் வைப்புமுறையை மாற்றினோம். ஒவ்வொரு வாரத்தின் தலைப்பிலும் வினா-விடை மன்றத்தை வைத்துக் குறிப்புகளை அதற்குக் கீழே தள்ளினோம். இம்மன்ற வகையில், தம் கருத்தை எழுதாத மாணவர் பிறர் கருத்தைக் காணவியலாது. எழுதிய பின்னரும், திருத்தத்திற்கென விட்ட காலம் (பொதுவாக 30 நிமிடம்) கழிந்த பின்னரே பிறர் விடைகள் திறக்கும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுதல் இதனால் அரிதாயிற்று. கூற்றினை நீக்கிப் பாடலை மட்டும் இட்டு, ‘பேசுபவர் யார், கேட்பவர் யார், இச்சொற்களுள் எவை அதற்குச் சான்று?’ என வினவினோம். அருஞ்சொற்களை மாணவரே தொகுக்க, அமைப்பிலுள்ள சொற்றொகுதிப் பகுதியைப் பயன்படுத்தினோம். வினாடி வினாவை மதிப்பெண் கருதி வைத்தோம். அதனால் விளைந்தது சிறிதே.

மூன்றாம் வாரத்தில் ஒரு பாடலைத் தலைவி கூற்று எனப் பெரும்பாலோரும், தோழி கூற்று எனச் சிலரும் எழுதினர். தோழி என்றோர் ஒரு விளிச்சொல்லின் பாடத்தையே ஐயுற்றனர். விடை கூறும் பொருட்டு, உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட பதிப்பை எடுத்துப் பாடவேறுபாடுகளைப் பார்க்கும் நிலை எமக்கு வந்தது. அவ்வுரையாடல் பருவம் முடிந்த பின்னும் மன்றத்தில் நிகழ்ந்துகொண்டிருந்தது.