கரியமில வாயு எந்தப் பேரேட்டில்?

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன் பசை எடுப்பார்கள் என்பது நம் ஆரணி வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் அந்தப் பசை போகாது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால்தான் இழையை விட்டு இளகி வரும். எண்ணெய்க் கிணற்றின் கதையும் ஏறக்குறைய அதேதான்.

பூமிக்கடியில் எண்ணெய் குளம்போலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் நிலத்தடி அழுத்தத்தால் தானே மேலே வரும். அது தளர்ந்ததும் தண்ணீரைச் செலுத்தித் தள்ளுவார்கள். அப்படியும் பாதிக்கு மேல் பாறையிலேயே தங்கிவிடுவது சாதாரணம். அந்த மிச்சத்துக்குத்தான் கரியமில வாயு. மிகுந்த அழுத்தத்தில் உள்ளே செலுத்தினால், அது எண்ணெயில் கலந்து, அதை உப்பவைத்து, இளக்கி நகர்த்துகிறது.

இதைப் பெரிய அளவில் தொடங்கியது 1972இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஸ்கர்ரி மாவட்டத்து எண்ணெய் வயலில். அன்று புவி சூடேறுவதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை, எண்ணெய்தான் குறி. பிற்பாடு வாயுவுக்குத் தேவை கூடியபோது, கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்களில் இயற்கையாகவே பூமிக்குள் கிடந்த கரியமில வாயுவைத் தோண்டி எடுத்து, குழாய் வழியாகக் கொண்டுவந்து எண்ணெய் வயல்களில் செலுத்தினார்கள். ஓரிடத்தில் பத்திரமாக இருந்ததை எடுத்து வேறோரிடத்தில் வைப்பது புண்ணியக் கணக்கில் சேருமா?

வாயுவைப் புதைப்பதற்காகவே புதைத்தது நார்வே. அந்நாடு 1991இல் கரியமில வாயுவுக்கு வரி போட்டது. வடகடலின் ஸ்லைப்னர் வயலில் கிடைத்த எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு. விற்பதற்கு முன் அதைப் பிரித்தாக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் வரி. எனவே 1996 முதல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில், கடலடி மணற்பாறைக்குள் செலுத்தினார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பிரான்சின் சோதனையைச் சற்று ஊன்றிப் படித்தேன். தெற்கே லாக் என்ற ஊரில் 1951இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அங்குள்ள கொதிகலன் ஒன்றின் புகையிலிருந்து பிடித்த வாயுவை, டோட்டல் நிறுவனம் 27 கிலோமீட்டர் தள்ளி ரூஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய், எரிவாயு தீர்ந்த கிணற்றில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பியது. 2010 முதல் 2013 வரை உள்ளே போனது 51,000 டன். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம் அது, எதிர்ப்பும் இருந்தது. செலுத்தி முடித்த பிறகும் மண்ணையும் நீரையும் கண்காணித்து வந்தார்கள்.

நம் நாட்டில் 2019 ஜூலையில் ஓ.என்.ஜி.சி.யும் இந்தியன் ஆயிலும் ஒப்பந்தம் போட்டன. வதோதரா அருகே கோயலி சுத்திகரிப்பு ஆலையில் வெளியாகும் வாயுவைப் பிடித்து, பரூச் மாவட்டத்துக் காந்தார் எண்ணெய் வயலில் செலுத்துவது திட்டம். எண்ணெயும் கூடும், வாயுவும் அடங்கும் என்று இரண்டு பலனும் சொல்லப்பட்டன.

கணக்கு எழுதியே காலம் கழித்தவனுக்கு இங்கே கை சும்மா இருக்காது. கூடுதலாக ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர், எண்ணெய் எடுக்க வழக்கமாக 300 முதல் 600 கிலோ வரை வாயு செலுத்துகிறார்கள். அந்தப் பீப்பாயை எரித்தால் ஏறக்குறைய 400 கிலோ வாயு வெளியேறும். வாயுவைப் பிடிக்கவும் அழுத்தவும் ஆகும் எரிபொருள் தனிச் செலவு. ஆலைப் புகையிலிருந்து பிடித்த வாயுவானால் ஏதோ மிச்சம் உண்டு. டெக்சாஸ்காரர்களைப் போலத் தோண்டி எடுத்த வாயுவானால் வரவே கிடையாது, எல்லாம் செலவுதான். ஒரே வேலை, இரண்டு பேரேடு. எண்ணெய் வரவை மட்டும் பார்ப்பவருக்கு லாபம் தெரியும். வாயுக் கணக்கைப் பார்ப்பவர், வாயு எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

காவலும் ஒரு செலவுதான். பாழுங்கிணற்றில் இறங்குமுன் நம் பெரியவர்கள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. கரியமில வாயு காற்றைவிடக் கனம், தாழ்வில் தேங்கி மூச்சை அடைக்கும். 2020 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், சடார்ஷா என்ற சிற்றூர் அருகே, மழையில் மண் சரிந்து இந்த வாயுக் குழாய் உடைந்தது. ஓடிய கார்கள் நின்றுபோயின. சுமார் 200 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அதே பிப்ரவரியில்தான் நம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு அங்கே இடமில்லை. ஏற்கெனவே நடப்பவை தொடரலாம். நரிமணத்திலும் அதைச் சுற்றியும் பழைய கிணறுகள் இருக்கின்றன. நாளைக்கு அவற்றில் வாயுவை அடைக்கலாம் என்று யாராவது வந்தால் உடனே துரத்தவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். வாயு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உள்ளே தங்கும், கிணற்றை மூடியபின் எத்தனை ஆண்டு யார் காவல் இருப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கம்பெனி போன பிறகும் அந்த ஊரில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.