குறி தவறாத கை

தடியெடுத்தவன் தண்டல்காரன் என்பது நம்மவர் பழமொழி. துவக்கெடுத்தவனெல்லாம் குறிகாரன் ஆகிவிடுவதில்லை என்பதோ, பேரரசொன்று தோல்வியின் வாயிலாகக் கற்றுக்கொண்ட பாடம். அதைக் கற்ற வரலாறு சுவையானது, துயரமும் கலந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரித்தானியப் போர்வீரன் தாங்கிய துப்பாக்கி ‘பிறவுண் பெஸ்’ எனப் பெயர் பெற்றிருந்தது. அதன் குழலின் உட்புறம் வழுவழுப்பானது. குழலினும் சற்றுச் சிறிய ஈய உருண்டை அதன் சுவர்களில் மோதி மோதி வெளியேறி, கடைசியாக மோதிய பக்கத்திற்கேற்பத் திசைமாறிப் பறக்கும். எண்பது யார் தூரத்தில் நிற்பவனை அது வீழ்த்தலாம். இருநூறு யாருக்கு அப்பால் நிற்பவன் அஞ்சவேண்டிய காரணம் அதிகம் இல்லை. ஆகவே தோளோடு தோள் நின்று, கட்டளை பிறந்ததும் ஒருங்கே சுடுவதும், விரைவாக மருந்திடித்து மறுபடியும் சுடுவதுமே வீரன் கற்ற வித்தையாயின. கருவியே குறி தவறும்போது கண்ணையும் கையையும் பழக்கிப் பயன் என்ன?

குழலினுள்ளே சுருள்வரிகள் வெட்டிய துப்பாக்கிகள் முன்னரே வேடரிடத்தும் சில தனிப்படைகளிடத்தும் இருந்தன. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல, அவ்வரிகளாற் சுழன்று செல்லும் ரவை நேர்வழி பிறழாது. ஆயினும் அவற்றில் மருந்திட்டு நிரப்ப நெடுநேரம் பிடித்தது. அடிப்புறம் குழிவாயமைந்து, வெடிக்கும்போது விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும் ரவையைப் பிரெஞ்சு அதிகாரி மினியே 1840களின் இறுதியில் அமைத்த பின்னரே, சாதாரண வீரனுக்கும் குறிபார்க்கத்தக்க கருவி கிட்டியது. 1853இல் ஹார்டிஞ்சு பிரபு சேனாதிபதியாயிருந்த காலத்தில், கென்ட் மாகாணத்துக் கடற்கரையூராகிய ஹைத்தில் சுடுகலைக்கென ஒரு பாடசாலை நிறுவப்பட்டது.

அங்கே சுடுவதோடு, தூரத்தைக் கண்ணால் அளக்கவும் கற்பித்தனர். ரவை நேர்கோட்டிற் செல்வதில்லை. எறிந்த கல்லைப் போல வளைந்து தாழ்கின்றது. ஐந்நூறு யார் தூரத்தில் நிற்பவனை முந்நூறு யார் என்று மதிப்பவன், எத்துணைக் கூரிய கண்ணனாயினும், அவன் ரவை முன்னால் மண்ணிலேயே புதையும். ஆனால் பாடசாலை ஒன்று இருந்தமையால் படை முழுவதும் கற்றுவிட்டதென்று கொள்ளலாகாது. ஆசிரியத் தொழில் செய்வோர் இதனை நன்கறிவர். ஹைத் இருந்தும், குடியேற்ற நாட்டுப் போர்களிலே கட்டளைக்கு ஒருங்கே சுடும் பழைய வழக்கம் நீடித்தது.

அவ்வழக்கத்துக்குத் தென்னாபிரிக்காவிலே விடை கிடைத்தது. 1899 டிசம்பர் 10ஆம் திகதி முதல் 15ஆம் திகதி வரை, ஒரு வாரத்துள் மூன்று போர்களிற் போயர்களிடம் பிரித்தானியர் தோற்றனர். கொலென்சோவில் ஆற்றங்கரைக்கு மிக அண்மையிற் கொணர்ந்த பீரங்கிகளிற் பத்து பறிபோயின. கரையில் மறைந்திருந்த போயர்களின் மௌசர் துப்பாக்கிகள் பீரங்கிக்காரரைத் தனித்தனியே தேர்ந்து வீழ்த்தின. பீரங்கிகளை மீட்கச் சென்று உயிர்துறந்தவருள் ரொபர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகனும் ஒருவர். தென்னாபிரிக்கப் படைக்குத் தலைமை ஏற்கும் வேளையிலேயே தந்தைக்கு அச்செய்தி எட்டியது.

போயர்கள் பிறவிக் குறிகாரர் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதியது மிகை. அவர்கள் உழவர். சிறுவயதிலேயே துப்பாக்கியோடு வெளியே சென்றனர். ரவை விலைகூடியதாகையால் ஒன்றையும் வீணாக்காது சுடப் பழகினர். வெட்டவெளியில் மானொன்று எத்தனை அடியில் நிற்கின்றது என்பதை அவர்கள் அளவுகோலின்றி அறிந்தது பழக்கத்தால். ஒளிந்திருந்து, கட்டளைக்குக் காத்திராது, தானே தீர்மானித்துச் சுடுவதும் அப்பழக்கத்தின் பேறே. சிறைப்பட்ட போயர்களில் ஆயிரக்கணக்கானோர் 1900 முதல் நம் தியத்தலாவை முகாமில் வைக்கப்பட்டிருந்தமை பலரும் அறிந்ததே.

போர் முடியுமுன்பே, 1901இல், சேனாதிபதியான ரொபர்ட்ஸ் சுடுபயிற்சியில் மிகுந்த அக்கறை காட்டினார். ஆனால் அப்பணியை முற்றுவித்தவர் நோர்மன் மக்மஹோன் என்னும் அதிகாரி. 1905 முதல் 1909 வரை ஹைத்தில் தலைமைப் போதனாசிரியராயிருந்த அவர், படையணிகளுக்கு மேலும் இயந்திரத் துப்பாக்கிகள் வேண்டுமென்று கேட்டார். பணமில்லை என்பது விடை. அப்படியாயின் ஒவ்வொரு வீரனையுமே விரைந்து சுடுபவனாக்குவேன் என்று அவர் துணிந்தார். சுடுபயிற்சிப் பித்தர் என்று நண்பர்கள் நகைத்தனர்.

அவர் காலத்துப் பயிற்சியின் பெரும்பகுதி ரவையின்றியே நடந்தது. காரணம் உண்டு. வெடியோசைக்கும் தோளில் விழும் உதைக்கும் அஞ்சியவன், அவை வருமுன்னரே கண்ணைச் சிமிட்டித் தோளை முன்தள்ளுகின்றான். குறி அக்கணமே பிசகுகின்றது. இக்குறையைத் திட்டித் தீர்க்க இயலாது. மூச்சைச் சிறிதுவிட்டு நிறுத்துவதும், விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல மெல்ல அழுத்துவதும் சிந்தனையின்றியே நிகழும்வரை வெறுந்துப்பாக்கியோடு பழகவேண்டும். போலி ரவைகளால் நிரப்பிப் பழகிய விரல்கள் பின்னர் இருளிலும் தடுமாறா. இதன் பின்னரே விரைவு. முந்நூறு யார் தூரத்து இலக்கை நோக்கி ஒரு நிமிடத்திற் பதினைந்து ரவைகளைக் குறிபார்த்துச் சுடுவது பயிற்சித் தேர்வாயிற்று.

1914 ஆகஸ்ட் 23ஆம் திகதி பெல்ஜியத்திலே மொன்ஸ் கால்வாய்க் கரையில் இப்பயிற்சி சோதிக்கப்பட்டது. நிமி என்னுமிடத்துப் பாலத்தைக் காத்த படையணியின் தலைவர் மக்மஹோனே. அவரிடம் இருந்த இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டே. அவற்றை இயக்கிய டீஸ், கொட்லி என்னும் இருவருக்கும் விக்டோரியா விருது வழங்கப்பட்டது. டீஸ் அன்றே மாண்டார். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் நிறைந்திருப்பதாக ஜேர்மானியர் மயங்கினர் என்பது பலர் எழுதிய கதை. பிற்கால ஆசிரியர் சிலர் ஜேர்மானிய ஏடுகளைக் கொண்டு இதனை மறுப்பர். தொகையில் மிகுந்த பகைவரைப் பல மணிநேரம் அக்கரையிலே தாமதிக்கச் செய்ததை மட்டும் மறுத்தல் அரிது.

1914 நவம்பர் 11ஆம் திகதி ஈப்பர் நகருக்கு அருகே மக்மஹோன் கொல்லப்பட்டார். அவ்வாண்டு முடிவதற்குள், ஆண்டுக்கணக்கிற் பழகிய அவ்வீரருட் பெரும்பாலோர் மாண்டும் காயமுற்றும் போயினர். அவர்களுடைய இடத்தை நிரப்பத் திரண்ட புதியோர் பலர், துப்பாக்கிகள் போதாமையால், மரத்தாற் செய்த போலித் துப்பாக்கிகளைத் தோளிலேந்தி இங்கிலாந்தின் புல்வெளிகளில் அணிவகுத்துக்கொண்டிருந்தனர்.