ஏழ்மை எழுதிய ஏடுகள்: கடல் கடந்த ஆங்கிலேயப் பண்ணையாட்களின் வழித்தடம்

ஆங்கிலேயர் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவோர் தோட்டத் துரைமாரும் ஆட்சி அதிகாரிகளுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்குக் கப்பலேறியவர்களுள் நிலமற்ற பண்ணைக் கூலிகள் பலர் இருந்தனர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. எழுதப் படிக்க அறியாத அம்மக்களின் வழித்தடத்தை இன்று கண்டறிவதற்கு எத்தகைய சான்றுகள் துணைபுரிகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. தமிழில் ‘விவசாயி’ என்று பொதுவாகக் கூறிவிடுகிறோம். ஆங்கிலேயச் சிற்றூர் ஆவணங்களில் ‘ஃபார்மர்’ என்பவர் பெரும்பாலும் நிலக்கிழாரிடம் குத்தகைக்கு எடுத்து ஆட்களை வைத்துப் பயிரிட்டவர். ‘யோமன்’ சொந்த நிலமுடையவர். ‘லேபரர்’ அன்றாடக் கூலிக்கு உழைத்தவர். மிராசுதார், குத்தகைக்காரர், பண்ணையாள் என்று நம் முன்னோர் வேறுபடுத்தியதைப் போன்றதே இதுவும். ‘எங்கள் முப்பாட்டனார் இங்கிலாந்தில் விவசாயம் செய்தவர்’ என்று கனடாவில் வழங்கும் குடும்பக் கதைகள் சிலவற்றில், குடியேறிய பின் கிடைத்த நிலம் பழைய ஊருக்கும் ஏற்றிச் சொல்லப்படுவதுண்டு. 1841ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஏடுகளைப் புரட்டினால், ‘ஏஜி லேப்’ என்னும் சுருக்கக் குறியீடே வீட்டுக்கு வீடு தொடர்வதைக் காணலாம். வேளாண் கூலி என்பதே அதன் பொருள்.

பாரிஷ் எனப்படும் தேவாலய வட்டாரந்தோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டுமென 1538இல் தாமஸ் குரொம்வெல் ஆணையிட்டார். 1754 முதல் மணமக்கள் கையொப்பமிட்டனர் அல்லது கீறலிட்டனர். 1813 முதல் திருமுழுக்குப் பதிவில் தந்தையின் தொழிலும் இடம்பெற்றது. எனினும் ஜான், வில்லியம், தாமஸ் என ஒரு சில பெயர்களே தலைமுறைதோறும் சுழன்று வருவதால், ஒரே பாரிஷில் ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய இப்பதிவுகள் மட்டும் போதா.

அவ்விடத்தில் கைகொடுப்பது வறியோர் சட்டத்தின் கீழ் எழுந்த ஆவணக் குவியலாகும். ஏழைகளைக் காக்கும் பொறுப்பு அந்தந்தப் பாரிஷைச் சார்ந்தது. ஆகவே, உதவி கேட்டு வந்தவர் எந்தப் பாரிஷுக்கு உரியவர் என்பது பணச் சிக்கலாயிற்று. 1662ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி நீதிபதிகள் முன் அவர் விசாரிக்கப்பட்டார். பிறந்த ஊர், வேலை பார்த்த எசமானர்கள், பெற்ற கூலி, மணமுடித்த இடம் ஆகிய யாவும் எழுத்தில் ஏறின. மணமாகாத பணியாள் ஓராண்டு முழுவதும் ஒரே எசமானரிடம் வேலை செய்தால் அவ்வூருக்கு உரியவராவார். அதனைத் தவிர்ப்பதற்கென்றே 51 வாரத்திற்கு ஆளமர்த்திய எசமானர்களும் இருந்தனர். ஊராரின் கஞ்சத்தனம் வரலாற்றாய்வாளர்க்குக் கருவூலமாய் அமைந்தது எனலாம்.

இதற்குச் சிறந்த சான்றாக அமைவது சசெக்ஸ் மாவட்டத்தின் பெட்வொர்த் குடியேற்றமாகும். 1832 முதல் 1837 வரை ஏறத்தாழ 1,800 பேர் மேல்கனடாவிற்கு, அதாவது இன்றைய ஒன்டாரியோவிற்கு, அனுப்பப்பட்டனர். இதனை நடத்தியவர் பெட்வொர்த் தேவாலயக் குரு தாமஸ் சாக்கெட். புரவலராய் நின்றவர் மூன்றாம் எக்ரமன்ட் பிரபு. ஓவியர் டர்னரைத் தம் மாளிகையில் தங்கவைத்து ஆதரித்த பிரபுவும் இவரே. 1830இல் தென்னிங்கிலாந்தெங்கும் வெடித்த கூலிகளின் கிளர்ச்சி ஓய்ந்த சிறிது காலத்திலேயே இத்திட்டம் தொடங்கியது என்பது நோக்கத்தக்கது. அறச்செயல், அச்சம், வறியோர் வரியின் சுமை ஆகிய மூன்றும் இதில் பிரிக்கவொண்ணாதவாறு கலந்திருந்தன என்றே நாம் கருதுகிறோம். 1834ஆம் ஆண்டின் புதிய வறியோர் சட்டம், குடியேற்றச் செலவுக்காகப் பாரிஷ்கள் வரியை ஈடாக வைத்துக் கடன்பெற வழிசெய்தது. அதன்பின் நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களும் பலரை அனுப்பின.

போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் புறப்பட்ட இம்மக்களைக் கனடாவில் தேடும்போதுதான் நூலிழை அறுபடுகிறது. கியூபெக் துறைமுகத்துப் பயணியர் பட்டியல்கள் 1865 முதலே தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. பிரிட்டனிலிருந்து வெளியேறியோரின் பட்டியல்களோ 1890 முதலே காக்கப்பட்டுள்ளன. 1852இன் தொடக்கத்தில் நடந்த கனடாக் குடிக்கணக்கு வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயரிட்டுக் குறித்தது. பிறந்த இடமாக அதில் பொதுவாகக் காணப்படுவது ‘இங்கிலாந்து’ என்ற ஒரு சொல்லே. எந்த ஊர், எந்தப் பாரிஷ் என்பது அதில் இல்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுச் சென்ற சிறு குத்தகைக்காரர் பலர் இவ்விடைவெளியில் மறைந்துவிடுகின்றனர். பாரிஷ் செலவில் சென்றவருக்கோ ஊர்க் கணக்கேட்டில் காலணி, துணி, வண்டிக்கூலி எனச் செலவுக் குறிப்பு எஞ்சியிருக்கக்கூடும். பாரிஷ் உதவியை இழுக்கென்று எண்ணிப் பிள்ளைகளிடம் மறைத்த முதியவரின் பெயரை, அவ்வுதவிக் கணக்கே மீட்டுத் தருகிறது.

பெட்வொர்த் மக்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைச் சாக்கெட் தொகுத்து அச்சிட்டார். வென்டி கேமரன், ஷீலா ஹெய்ன்ஸ், மேரி மெக்டூகல் மாட் ஆகியோர் பதிப்பித்து 2000ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் 144 கடிதங்கள் உள்ளன. அண்ணனுக்கும் அத்தைக்கும் அண்டை வீட்டாருக்கும் நலம் உரைக்கும் வரிகளிலிருந்து ஒரு சுற்றத்தையே மீட்டெடுக்க இயலும். ஆயினும், மேலும் பலரைக் கப்பலேறத் தூண்டுவதற்காக அச்சேறியவை இவை என்பதை மறத்தலாகாது. உறவுமுறைச் செய்திகளுக்கு இவை நம்பத்தக்கவை. மேல்கனடாவில் உணவும் கூலியும் நிறைந்திருந்தன என்னும் கூற்றுகளை எச்சரிக்கையோடு கையாளுதல் வேண்டும்.

இவர்களைவிடத் தெளிவாகப் பதிவானோர் குற்றவாளிகளாக அனுப்பப்பட்டவர்களே. ‘கேப்டன் ஸ்விங்’ எனப்பட்ட 1830ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தமைக்காகவும் பிற குற்றங்களுக்காகவும் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். 480க்கும் மேற்பட்டோர் நியூசவுத் வேல்ஸுக்கும் வான் டீமன்ஸ் லாண்டுக்கும், அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கும், நாடு கடத்தப்பட்டனர். கைதிகள் பதிவேட்டில் அவர்களின் உயரம், கண்ணின் நிறம், உடலிலுள்ள தழும்பு, செய்தொழில் ஆகிய அனைத்தும் குறிக்கப்பட்டுள்ளன. சில ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டபோதும் தாயகம் திரும்பியோர் மிகச் சிலரே. கைதியின் வழிவந்தவர் என்பதை ஒரு காலத்தில் மறைத்த டாஸ்மேனியக் குடும்பங்கள் பல, இன்று அதே பதிவேட்டைப் பெருமையுடன் எடுத்துக் காட்டுகின்றன.

1870களில் நிலைமை மாறியது. 1872இல் வார்விக்‌ஷயரின் வெல்ஸ்போர்னில் ஜோசப் ஆர்ச் பண்ணைக் கூலிகளைத் திரட்டினார். அவ்வாண்டிலேயே தேசியச் சங்கமும் உருவாயிற்று. கூலி உயர்வு மறுக்கப்பட்டபோது சங்கமே உறுப்பினர்களைக் குடியேறத் தூண்டியது. நியூசிலாந்து அரசு இலவசப் பயணம் அளித்தது. 1874இல் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் அரசு உதவியுடன் அங்குச் சென்றிறங்கினர். அவ்வாண்டு நவம்பரில் ஆக்லாந்து நோக்கிச் சென்ற ‘காஸ்பட்ரிக்’ கப்பல் தென்கடலில் தீக்கிரையாயிற்று. ஏறக்குறைய 470 பேரில் மூவரே இறுதியில் உயிர் பிழைத்தனர். ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரின் ஷிப்டன் சிற்றூரில், ஒரே உறவுவழியைச் சேர்ந்த 17 பேர் அதில் மாண்டதற்கான நினைவுச்சின்னம் ஊர்ப் பொதுத்திடலில் இன்றும் நிற்கிறது.

பத்திரமாய்க் கரை சேர்ந்தோருக்கு அத்தகைய கல் ஏதும் இல்லை. நியூசிலாந்தின் பயணியர் பட்டியல்கள் அவர்களின் பெயர், வயது, தொழில், மாவட்டம் ஆகியவற்றைத் தருகின்றன, ஊரைத் தருவதில்லை. மாவட்டத்திலிருந்து ஊரைக் கண்டறிய விரும்புவோர் சங்கத்தின் வார இதழான ‘லேபரர்ஸ் யூனியன் குரோனிக்கிள்’ பக்கங்களைப் புரட்டியாக வேண்டும். ரோலோ அர்னால்ட் 1981இல் வெளியிட்ட ஆய்வு நூல் அவ்வழியையே பின்பற்றியது. குடியேறியோர் எழுதிய கடிதங்கள் அவ்விதழில் வெளிவந்தன. ‘நம்மூரார் யாரேனும் வருவதாயின் நல்ல ஏரோட்டியாக வரட்டும்’ என்னும் போக்கில் அமைந்த செய்திகளோடு, எழுதியவரின் பழைய ஊரையும் அவற்றில் காண வாய்ப்புண்டு.