வழிகாட்டியின் வழுவும் திருத்தமும்
மோட்டார் வாகன வழிகாட்டிப் பொறிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பொறியொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அது தோன்றிய ஆண்டினையும் அதனை ஆக்கியோர் பெயரினையும் கூறி அமைவதே பெருவழக்காகும். அப்பொறி பழுதுற்றபோது யார் அதனைத் திருத்தினர், எவ்வாறு திருத்தினர், எக்கட்டத்தில் திருத்தவியலாத நிலை உண்டாயிற்று என்னும் வினாக்கள் அத்துணைக் கவனத்தைப் பெறுவதில்லை. ஆயின், பொறிக்கும் அதனைப் பயன்படுத்துவோனுக்கும் இடையிலான உறவினை இவ்வினாக்களே தெளிவாகக் காட்டுகின்றன. மோட்டார் வாகனத்தினுள் பொருத்தப்பட்ட வழிகாட்டிப் பொறியின் நாற்பதாண்டு வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1981ஆம் ஆண்டு யப்பானிய ஹொண்டா நிறுவனம் தனது வாகனங்களிற் பொருத்துவதற்கென வழிகாட்டிப் பொறியொன்றை வெளியிட்டது. செய்மதி எதனையும் அது நாடவில்லை. அதனுள் ஈலியம் வாயு ஒரு தாரையாகப் பாய்ந்துகொண்டிருக்கும். வண்டி திரும்பும்போது அத்தாரை ஒருபுறம் விலகும். அவ்விலகலைச் சூடேற்றப்பட்ட கம்பிகள் உணர்ந்து திருப்பத்தின் அளவை அறிவிக்கும். சென்ற தூரம் சில்லின் சுழற்சியிலிருந்து பெறப்படும். இவ்விரண்டையும் கொண்டு கணிக்கப்பட்ட இடம் கதோட்டுக் கதிர்க்குழாயின் திரையில் ஒளிப்புள்ளியாகத் தோன்றும். திரையின்முன் சாரதி தன் கையாற் செருகும் ஒளிபுகும் தாளிலேயே வீதிப்படம் அச்சிடப்பட்டிருந்தது. 2017இல் மின்னியல், இலத்திரனியற் பொறியியலாளரின் அனைத்துலக நிறுவகம் இதனை வரலாற்று மைல்கற்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இப்பொறியின் பெருங்குறை யாதெனின், ஒவ்வொரு கணிப்பிலும் நேரும் சிறு பிழை அடுத்த கணிப்புடன் சேர்ந்து பெருகுவதாகும். நெடுந்தூரம் சென்றபின் புள்ளி வீதியை விட்டு விலகி நிற்கும். அவ்வேளை சாரதி வெளியே நோக்கித் தான் நிற்குமிடத்தை அறிந்து, படத்தையும் புள்ளியையும் இணங்கச் செய்வான். ஆகவே முதலாவது வழிகாட்டிப் பொறியின் முதலாவது திருத்துநர் அதன் சாரதியே எனலாம்.

1985இல் அமெரிக்காவிற் கலிபோர்ணியாவில் வெளிவந்த 'ஈற்றாக்' என்னும் பொறி இக்குறையை நீக்க முனைந்தது. பசுபிக் சமுத்திரத்தின் கரோலைன் தீவுகளைச் சேர்ந்த மாலுமிகளின் கடலோடு முறையைக் குறிக்கும் சொல்லே இதற்குப் பெயராயிற்று. ஓடம் அசையாது நிற்பதாகவும் தீவுகளே அதனைக் கடந்து செல்வதாகவும் கொள்வது அம்மாலுமிகளின் முறை. ஈற்றாக்கின் திரையிலும் வண்டியின் குறி ஓரிடத்தில் நிற்க, வீதிப்படமே நகர்ந்தது. வீதிப்படங்கள் ஒலிநாடாப் பேழைகளிற் பதிவுசெய்யப்பட்டிருந்தன. ஒரு பெருநகரப் பகுதிக்கே பல நாடாக்கள் வேண்டியிருந்தன. வண்டி ஒரு சந்தியில் திரும்பினால், அத்திருப்பத்துக்குப் பொருந்தும் சந்தியைப் படத்தில் தேடிப் பொறி தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது. எனினும் சில்லின் காற்றழுத்தம் மாறினால் தூரக்கணக்குப் பிழைத்தது. வண்டியின் இரும்புடலே காந்தத் திசைகாட்டியைக் குழப்பியது. இவற்றை அறிந்து அளவுகளைச் சரிசெய்வது திருத்துநரின் வேலையாயிற்று.

1987இல் டொயோட்டா நிறுவனத்தின் கிறவுண் வாகனத்தில் வீதிப்படம் இறுவட்டுக்கு மாறியது. 1990இல் மஸ்டாவின் இயுனோஸ் கொஸ்மோ வாகனம் செய்மதிகளின் துணைகொண்டு இடமறியும் பொறியுடன் வெளிவந்தது. இச்செய்மதிகள் ஐக்கிய அமெரிக்காவின் இராணுவத் தேவைக்காக ஏவப்பட்டவை. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகள் வந்தடையும் நேர வேறுபாட்டிலிருந்து வண்டியின் இடம் கணிக்கப்படும். பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசினால் நீக்கப்பட்டது. உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த பழைய பொறிகள், எவர் கையும் படாமலே அன்று முதல் முன்னிலும் திருத்தமாக இடங்காட்டின. பொறிக்கு வெளியே எங்கோ எடுக்கப்பட்ட முடிவு பொறியின் தன்மையை மாற்றவல்லது என்பதற்கு இது முதலாவது சான்று.

இக்காலப் பொறிகளுக்கு உடற்பிணிகளும் பல இருந்தன. இறுவட்டைப் படிக்கும் லேசர்க் கண்ணாடி தூசியால் மங்கியது. மின்பகுபொருட் கொள்ளளவிகளின் திரவம் கசிந்து மின்சுற்றுத் தகட்டை அரித்தது. திரையின் பின்விளக்கு ஒளியிழந்தது. இவற்றைப் பிரித்தறிவதற்கு அனுபவம் மிக்க திருத்துநர் திரையையே நாடியாகக் கொண்டனர். சுரங்கப் பாதையினுள் வண்டியின் குறி அசையாது நிற்பின், வேகத்தை அறிவிக்கும் கம்பியில் வழு இருக்கக்கூடும். அங்கு குறி முன்னேறியும் வளைவில் திரும்பாதிருப்பின், திருப்பமுணரும் கருவியை ஐயுறல் வேண்டும். திறந்த வெளியிலும் செய்மதி எதுவும் அகப்படாவிடின், வானலைவாங்கியையும் அதன் வடத்தையும் முதலிற் சோதித்தல் வேண்டும். கண்ணாடியைத் துடைத்தும் கொள்ளளவியை மாற்றியும் அறுந்த கம்பியைப் பற்றாசு வைத்து ஒட்டியும் பொறிக்கு மீண்டும் உயிரளிக்க முடிந்தது. வழு பொறியினுள் இருந்தவரை, திருத்தம் திருத்துநரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

பொறிக்கு வெளியிலிருந்து வந்த வழுவோ வேறு தன்மையது. மேற்குறித்த செய்மதிகள் 1980 ஜனவரி 6ஆந் திகதியிலிருந்து வாரங்களை எண்ணி வருகின்றன. அவ்வெண்ணிக்கைக்கு முதலில் ஒதுக்கப்பட்டவை பத்து இரும இலக்கங்களே. எனவே 1,024 வாரங்கள், அதாவது ஏறத்தாழ 19.6 ஆண்டுகள், கடந்ததும் எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும். முதற்சுற்று 1999 ஓகஸ்ட் 21ஆந் திகதி நள்ளிரவில் முடிவடைந்தபோது யப்பானில் பழைய வழிகாட்டிப் பொறிகள் பல செயலிழந்தன. இரண்டாவது சுற்று 2019 ஏப்பிரல் 6ஆந் திகதி முடிந்தது. சுற்றின் தொடக்கத்தைத் தத்தம் செய்நிரலில் வேறு நாளிற் குறித்துக்கொண்ட பொறிகள் பிறிதொரு நாளில் வழுவின. 2022 ஜனவரியில் ஹொண்டாவின் பழைய வாகனங்கள் பலவற்றின் மணிக்கூடுகள் 2002ஆம் ஆண்டைக் காட்டின. அவ்வாண்டு ஓகஸ்டில் அது தானாகவே சீராகும் என உரிமையாளருக்குக் கூறப்பட்டது.

இத்தகைய பொறிகளுட் பல, தாம் நிற்கும் இடத்தைச் சரியாகக் கூறி, நாளை மட்டும் இருபதாண்டு பின்தள்ளிக் கூறின. அவற்றின் ஓர் உறுப்பேனும் தேயவில்லை. ஒரு கம்பியேனும் அறவில்லை. செய்நிரலின் ஒரு வரியை மாற்றினாற் போதும். ஆயின் அவ்வரி உற்பத்தியாளர் வசமே இருந்தது. புதிய சமிக்ஞைகளில் வாரக் கணக்குக்குப் பதின்மூன்று இலக்கங்கள் அளிக்கப்பட்டுள்ளன. பழைய பொறிகள் அச்சமிக்ஞைகளைப் படிக்க மாட்டா.

இலங்கையிலும் இவ்வுண்மையை வீதிதோறும் காணலாம். இரு நாடுகளிலும் வாகனங்கள் வீதியின் இடப்புறமாகவே செல்வதால், யப்பானிற் பாவித்த வாகனங்கள் இங்கு பெருந்தொகையாக இறக்குமதியாயின. அவற்றுட் பலவற்றின் முகப்பில் உள்ள வழிகாட்டிப் பொறி யப்பானிய மொழியிலேயே பேசும். யப்பானின் வீதிகளை மட்டுமே அறியும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அது செய்மதிகளை நோக்கித் தன் இடத்தைக் கணித்தாலும், அவ்விடத்துக்குரிய வீதிப்படம் அதனிடம் இல்லை. சிலவகைப் பொறிகளில் மின்கலவடுக்கை மாற்றியதும் மூல நினைவட்டையை இடுமாறு திரை கேட்கும். அது கிடையாதெனின் வானொலியும் கூடப் பேசாது. பழுதெதுவுமற்ற பொறியைக் கழற்றி எறிந்து புதிதொன்றைப் பொருத்துவதே பலருக்கு வழியாகின்றது.

இதன் பொருட்டு எழுந்த போராட்டம் சட்டத்தின் களத்துக்கும் சென்றது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 2012இல் நடைபெற்ற வாக்கெடுப்பில், வாகனத்தைத் திருத்துவதற்கு வேண்டிய தகவல்களை உற்பத்தியாளர் தனித்தியங்கும் திருத்துநருக்கும் வழங்கல் வேண்டும் என வாக்காளர் பெரும்பான்மையாற் கோரினர். கம்பியின்றி அனுப்பப்படும் வாகனத் தரவுகளுக்கும் 2020இல் இவ்வுரிமை விரிவுபடுத்தப்பட்டது. அதனை எதிர்த்து உற்பத்தியாளர் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியோன் அதனைத் திருத்தும் வல்லமையையும் பெறுகின்றானா என்பதே அவ்வழக்குகளின் அடியில் நின்ற வினாவாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, 1981இல் ஒளிப்புள்ளியைச் சாரதியின் விரல் திருத்தியது. பின்னர் திருத்துநரின் பற்றாசுக்கோல் திருத்தியது. அதன்பின் தொலைதேசத்து நிறுவனமொன்றின் விருப்பம் திருத்தியது, அல்லது திருத்தாமல் விட்டது. பொறியின் நுட்பம் வளர வளர, வழு நிகழும் இடமும் அதனைத் திருத்தும் ஆற்றலும் வண்டியை விட்டு விலகிச் சென்றுள்ளன. வழி தெரியாதவனுக்கு வழிகாட்டவென ஆக்கப்பட்ட பொறி, தன்னைத் திருத்தும் வழியை மட்டும் அவனிடமிருந்து மறைத்துக்கொண்டது. அவ்வழியை மீளத் திறப்பதிற் பொறியியலாளருக்குள்ள பொறுப்பு சட்டமியற்றுவோருக்கும் உண்டு. பொறிகளின் வரலாற்றை எழுதுவோருக்கும் உண்டு.