போலந்துச் சகோதரர்கள்: திரித்துவத்தை மறுத்து நாடிழந்தவர்கள்

கடவுள் ஒருவரா மூவரா என்ற கேள்வியால் ஒரு சமூகமே நாட்டைவிட்டுப் போன கதை இது. நான் இறையியல் படித்தவனல்லன், கணக்காளன். அதனால் அவர்களின் காணிக் கணக்கும் என் கண்ணிற் பட்டது.

பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்கள். ஆனால் ஒரே கடவுள். இதுவே 4ஆம் நூற்றாண்டில் திருச்சபை வகுத்த திரித்துவம். 16ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தைத் தாமே படிக்கத் தொடங்கியவர்களுள் சிலர், 'அந்தச் சொல்லே இதில் இல்லையே' என்றனர். திரித்துவத்தை மறுத்த மிகையேல் செர்வேற்றசை 1553இல் ஜெனீவாவில் உயிரோடு எரித்தார்கள். போலந்தில் நிலைமை வேறு. மதத்துக்காக ஒருவரோடொருவர் போரிடுவதில்லை என்று அங்குள்ள பிரபுக்கள் 1573இல் உடன்பட்டிருந்தனர்.

அந்த நிழலில், ராக்கோவ் என்ற சிற்றூரில் போலந்துச் சகோதரர்கள் பள்ளியும் அச்சகமும் நடத்தினர். 1605இல் அவர்கள் அச்சிட்ட வினாவிடை நூலின் சாரம் இது: பிதா ஒருவரே கடவுள். இயேசு உண்மையான மனிதர். கடவுளால் உயர்த்தப்பட்டதால் வணங்கத்தக்கவர். ஆவி என்பது கடவுளின் வல்லமை. 'மூன்றும் ஒன்று' என்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று வாதிட்டார்கள். 'அது மறைபொருள்' என்ற பதிலை அவர்கள் ஏற்கவில்லை.

1638இல் பள்ளியும் அச்சகமும் மூடப்பட்டன. 1655இல் சுவீடன் படையெடுத்தபோது அதற்குப் பணிந்த கத்தோலிக்கப் பிரபுக்களும் ஏராளம். துரோகிப் பட்டம் என்னவோ இவர்களுக்குத்தான். மதம் மாறு, இல்லையேல் மூன்று வருடத்துள் வெளியேறு என்றது 1658ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு அந்தக் கெடுவும் 1660 யூலை 10 எனச் சுருங்கியது. விற்பவன் போயே தீரவேண்டும் என்று வாங்குபவனுக்குத் தெரிந்தால் காணிக்கு என்ன விலை வரும்? உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்த நம்மவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சிலர் மதம் மாறி நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போனவர்களில் ஒருவர் அந்திரேய் விசோவாத்தி. பல ஊர் அலைந்து 1666இல் அம்ஸ்ரடாம் சேர்ந்தார். சகோதரர்களின் எழுத்துக்கள் அங்கே பெருந்தொகுதிகளாக அச்சேறின. இங்கிலாந்தில் ஜோன் லொக், ஐசக் நியூற்றன் ஆகியோரின் புத்தக அலுமாரிகளிலும் இவர்களது நூல்கள் இருந்தன. நியூற்றனும் திரித்துவத்தை ஏற்காதவரே. ஆனால் அதைப் பகிரங்கமாகச் சொல்லவில்லை.

இன்னொரு கூட்டம் திரான்சில்வேனியாவுக்குப் புறப்பட்டது. வழியிலே படைவீரர் கொள்ளையடித்தனர். எஞ்சியோர், இன்று ருமேனியாவில் குலூஜ் எனப்படும் நகரை அடைந்து, போலிஷ் மொழியிலேயே வழிபடும் சபை ஒன்றை அமைத்தனர். அது 1792இல்தான் உள்ளூர்ச் சபையோடு இணைந்தது. கணக்குப் பார்த்தால் 130 வருடங்களுக்கு மேல்.