மலைக்காற்றும் பீனிசமும்

1819ஆம் ஆண்டில் ஜான் என்ற பெயருடைய மூன்று ஆங்கிலேயர்கள் தனித்தனியே மூன்று காரியங்களைச் செய்தார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரி மலைமீது ஏறினார். இலங்கையில் படை மருத்துவராகப் பணியாற்றிய ஜான் டேவி, கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போய் நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த அந்த வேளையில், அதன் மலைப்பகுதிகளைச் சுற்றி வருகையில் நுவரெலியாவின் சமவெளியைக் கண்டார். (வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் தம்பி இவர்.) மூன்றாமவர் ஜான் போஸ்டாக், மருத்துவர். அவர் எந்த மலையும் ஏறவில்லை. மார்ச் 16ஆம் தேதி லண்டனில் மருத்துவர்கள் கூடிய ஒரு சபையில் ஒரு கட்டுரை வாசித்தார்.

ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை அது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தால் கண் சிவந்து அரிக்கும். அடுக்கடுக்காகத் தும்மல் வரும். மூக்கில் நீர் ஒழுகும். நெஞ்சு இறுகும். கோடை முடிந்ததும் எல்லாம் தானே போய்விடும். எட்டு வயதிலிருந்து இதை அனுபவித்துவரும் 46 வயதுக்காரர் என்று அந்த நோயாளியை அறிமுகப்படுத்திய போஸ்டாக், பெயராக இரண்டு எழுத்துகளை மட்டுமே தந்தார்: ஜே.பி. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது யார் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகியிருக்காது.

இன்று உலகம் முழுவதும் 'ஹே ஃபீவர்' என்று வழங்கும் நோயைப் பற்றிய முதல் தெளிவான மருத்துவக் குறிப்பு இதுவே. தமிழில் இதை வைக்கோல் காய்ச்சல் என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. வைக்கோலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு சொற்பம். காய்ச்சல் என்பதோ அறவே கிடையாது. மகரந்த ஒவ்வாமை என்பது மருத்துவர்களின் சொல். வீட்டுப் பெரியவர்கள் 'பீனிசம்' என்பார்கள். சிங்களத்திலும் ஏறத்தாழ இதே சொல்தான் என்பதை இலங்கை போன பிறகே தெரிந்துகொண்டேன்.

போஸ்டாக் 1828இல் இன்னும் 28 நோயாளிகளைத் தேடிப் பிடித்து இரண்டாவது கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் 28 பேர்தாம் தும்மினார்கள் என்று பொருளல்ல; இதை நோய் என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகிற வசதி சிலருக்கே இருந்தது. உழவர்கள் மத்தியில் இந்நோய் காணப்படவில்லை என்று அவரும் பின்னால் வந்தவர்களும் எழுதினார்கள். போஸ்டாக் தமக்கே செய்துகொண்ட சிகிச்சையும் வசதி படைத்தவர்களுக்கே உரியது. மூன்று கோடைகள் கடலோர ஊரான ராம்ஸ்கேட்டில் போய்த் தங்கி, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். ஓரளவு குணம் தெரிந்தது. ஆனால் நோய்க்குக் காரணம் வெயில்தான் என்று கடைசிவரை நம்பினார்.

மகரந்தமே காரணம் என்று நிறுவியவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவருடைய நூல் 1873இல் வந்தது. தன் தோலைக் கீறி அதில் மகரந்தத்தைத் தேய்த்துப் பார்த்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, அதில் ஒட்டியதை உருப்பெருக்கியில் எண்ணினார். அதோடு விடாமல் அந்தக் கண்ணாடிகளைப் பட்டத்தில் கட்டி வானத்தில் பறக்கவிட்டார். தரையருகே கிடைத்ததைவிட உயரத்தில் அதிகம் மகரந்தம் ஒட்டியிருந்தது!

மலைக்குப் போனால் மூச்சு சீராகும் என்ற நம்பிக்கையை இந்தப் பட்டம் அறுத்திருக்க வேண்டும். அறுக்கவில்லை. 1874இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மலையூரான பெத்லகேமில் தும்மல் நோயாளிகள் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். கோடை பிறந்ததும் நகரத்துச் செல்வர்கள் அங்கே வந்து ஹோட்டல்களில் மாதக்கணக்கில் தங்குவார்கள். நோயின் பெயரால் விடுமுறை, விடுமுறையின் பெயரால் ஊருக்கு வருமானம். 'ரோஜா ஜலதோஷம்' என்றுகூட இந்நோய்க்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. பாவம் ரோஜா. அதன் மகரந்தம் கனமானது. பூச்சிகள்தாம் சுமந்து செல்லும், காற்றில் பறக்காது. அது பூக்கும் பருவத்தில் ஓசையின்றிப் பூக்கிற புல்தான் குற்றவாளி.

நிற்க. நுவரெலியாவுக்கு வருவோம்.

டேவி கண்ட சமவெளியில், 1829இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நோயுற்ற படைவீரர்கள் தங்கித் தேறுவதற்கு ஒரு நலவிடுதியை நிறுவினார். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல், குளிர், கொசுத் தொல்லை இல்லை. கரையோரங்களிலும் வன்னிக் காடுகளிலும் காய்ச்சலில் விழுந்தவர்கள் இங்கே வந்து எழுந்து நடந்தார்கள். நல்ல காற்றுதான் குணப்படுத்தியது என்று அன்று எண்ணினார்கள். 'மலேரியா' என்ற சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பதுதானே பொருள். கொசுவே காரணம் என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். அதுவரை மலைக்காற்றுக்கு அதற்கு உரியதல்லாத புகழ் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் புகழில் மயங்கியவர்களில் சாமுவேல் பேக்கர் முக்கியமானவர். பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப்புகழ் பெற்றவர், இளமையில் யானை வேட்டைக்காக இலங்கைக்கு வந்தார். காட்டுக் காய்ச்சலில் எலும்பும் தோலுமாகி, 1847இல் இரண்டு வாரம் நுவரெலியாவில் தங்கினார். உடம்பு தேறிய வேகத்தைக் கண்டு, இந்த இடத்தையே ஓர் ஆங்கிலக் கிராமமாக்கிவிட முடிவு செய்தார். அடுத்த ஆண்டு ஆட்கள், கொல்லர், கலப்பைகள், டர்ஹம் பசு, செம்மறிக் கிடாக்கள், வேட்டை நாய்கள் என்று ஒரு கப்பல் கூட்டத்தோடு வந்து இறங்கினார். பசு மலையேறும் வழியிலேயே செத்துப்போனது.

பேக்கர் 1855இல் போய்விட்டார். அவர் விதைத்த எண்ணம் போகவில்லை. 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கிளப், விக்டோரியா ராணியின் வைர விழாவான 1897இல் அவர் பெயரால் ஒரு பூங்கா. ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் ரயில் வந்தது. பூர்வீகக் காடு அழிந்த இடத்தில் சைப்ரஸ், அகேஷியா, யூக்கலிப்டஸ் மரங்கள் நின்றன. பந்தயத்திடலிலும் கோல்ஃப் திடலிலும் பாத்திகளிலும் ஊர் நினைவைத் தீர்க்கும் புல்லும் பூவும் வளர்ந்தன. தும்மலுக்குப் பயந்து இங்கிலாந்தை விட்டு ஓடிவரும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமற்ற ஊரைக் கட்டியிருக்க முடியாது.

நான் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சித்திரை மாதத்தில் அங்கே விடுமுறைக்குப் போனேன். பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே நாற்பது ஆண்டு உழைத்த எவருக்கும் மூக்கு தூய்மையாக இருக்காது. எனக்கும் பீனிசம் நெடுநாள் துணை. ஏப்ரலில் கொழும்பே திரண்டு மலையேறி வந்துவிடும். மலர்க் காட்சி, குதிரைப் பந்தயம், புத்தாண்டுக் கூட்டம். நான் தங்கியது துரைமார் காலத்துப் பங்களா ஒன்றில். தரை முழுக்கக் கம்பளம், கனத்த திரைச்சீலை, இரண்டு கம்பளிப் போர்வை, புகைபோக்கியோடு கணப்பு.

இரவெல்லாம் தும்மினேன். விடிந்து விக்டோரியா பூங்காவில் பூக்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு தும்மல்கூட இல்லை. நிருபராக இருந்தவனுக்கு இந்தத் தடயம் போதும். குற்றவாளி தோட்டத்தில் இல்லை, படுக்கையறையில் இருக்கிறான்: தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இது கம்பளியிலும் மெத்தையிலும் வாழ்வது. ஈரக்காற்று இருந்தால் பெருகும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் காற்று உலர்ந்திருப்பதால் உயரம் போகப் போக இது குறையும். நுவரெலியாவிலோ மூடுபனியும் மழையும். உயரத்தால் ஒரு பயனும் இல்லை.

அதன்பின் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்கு உதவும். கம்பளத்தைச் சுருட்டி வெளியே வைக்கச் சொன்னேன். போர்வைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெந்நீரில் துவைத்துக் கொண்டுபோன பருத்தி விரிப்பையும் கம்பளிச் சட்டையையும் நம்பினேன். காய்ச்சி ஆறவைத்த உப்பு நீரில் மூக்கைக் கழுவினேன். நம் ஊரில் அவில் என்றும் செட்ரிசின் என்றும் கேட்பதை அங்கே மருந்துக்கடையில் பிரிட்டன் என்று கேட்கிறார்கள். எல்லாம் ஒவ்வாமையை அடக்கும் மருந்துகளே. ஆனால் பழைய வகை மருந்துகள் நன்றாகத் தூங்க வைக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவர் அதைத் தொடக்கூடாது. மூக்கில் அடிக்கும் மருந்து முழுப்பலன் தரச் சில நாள்களாகும். மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்குவது நல்லது. பங்களாவில் சமையல் பார்த்த அம்மாள் மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரை மூன்று வேளையும் கொடுத்தார். நோய்க்கு என்ன செய்ததோ, தொண்டைக்கு இதமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனோம். அந்த மலைகளில் அன்றாடம் தும்முகிறவர்கள் யார் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

வெள்ளையர்கள் உடல் தேற மலை ஏறிய அதே காலத்தில் மற்றொரு கூட்டமும் ஏறியது. தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவருவது 1823இல் தொடங்கியதாகக் கணக்கு. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பேக்கர் எந்தக் காய்ச்சலுக்குத் தப்பி மலைக்கு ஓடினாரோ, அந்தக் காய்ச்சல் நிறைந்த காட்டின் ஊடேதான் இவர்கள் பாதை. வழியில் விழுந்தவர்களுக்கு இரண்டு வார ஓய்வு கிடையாது. வாந்திபேதியாலும் மலேரியாவாலும் செத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒருமிக்கவில்லை. 2023இல் மலையகம் 200 நிகழ்வுகளின்போது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டத்தார் மறுபடி நடந்து அவர்களை நினைவுகூர்ந்தார்கள்.

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடி மணமாக இருந்தது. உருட்டும் இடம் ஈரமாக இருந்தது. உலர்த்திய தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறைக்கு வந்ததும் எனக்குக் கண் எரிந்தது. தேயிலைக் கொழுந்தில் மிக மெல்லிய மயிர் உண்டு. காய்ந்ததும் அது உதிர்ந்து, தூளோடு சேர்ந்து பஞ்சுபோலப் பறக்கிறது. நான் அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு தும்மல் போட்டதைப் பார்த்து, அழைத்துச் சென்ற இளைஞர் பதறிப்போய் வெளியே கூட்டிவந்துவிட்டார். அங்கே வேலை செய்த பெண்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

இந்தத் தும்மலுக்கும் ஒரு மருத்துவ வரலாறு உண்டு, சின்னது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 'தேயிலைத் தொழிற்சாலை இருமல்' என்று ஒன்றைக் குறித்துவைத்தார். பூஞ்சையே காரணம் என்று கருதினார். பிறகு நீண்ட மௌனம். இலங்கையின் நெஞ்சக மருத்துவர் சி.ஜி. ஊரகொட 1970இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில், தேயிலைப் பஞ்சைச் சுவாசித்ததால் ஆஸ்துமா வந்த ஒரு டீமேக்கரைப் பற்றி எழுதினார். தொழிற்சாலையின் தயாரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிதான் டீமேக்கர். தேயிலை கலக்கும் தொழிலாளர்களின் மூச்சு நோய்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1980இல் வெளிவந்தது. போஸ்டாக்கின் கட்டுரைக்கும் இதற்கும் நடுவே 161 ஆண்டுகள். லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிடத் தொடங்கியதிலிருந்து எண்ணினாலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல்.

லண்டனில் நோயாளியே மருத்துவராக இருந்தார், எழுதினார். பெத்லகேமில் நோயாளிகள் சங்கம் கண்டார்கள். சலிக்கும் அறைப் பெண்ணுக்கு லயத்து வீட்டில் விறகடுப்புப் புகை, வேலையில் தேயிலைத் தூசி. தும்மலோ இருமலோ வந்தால் தடிமன் என்று ஒரே சொல். உழவர்களுக்கு இந்நோய் வருவதில்லை என்று அக்கால மருத்துவர்கள் எழுதியதை நான் முன்பு நம்பி வாசித்திருக்கிறேன். இப்போது வாசிக்கையில், அவர்கள் எத்தனை உழவர்களைக் கேட்டார்கள் என்ற ஐயம் முதலில் எழுகிறது.

வெளியே தேநீர்க் கொட்டகையில், அந்த அறையில் வேலை முடித்து வந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். என் கைக்குட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"தூசிங்க ஐயா. புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் இப்படித்தான்" என்றார்.

"உங்களுக்கு வருவதில்லையா அம்மா?"

"வராம? காலையில கொஞ்சம், வீட்டுக்குப் போனா ராத்திரி பூரா."

மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் சின்ன மஞ்சள் குளிசை தருவார்களாம்.

"அதைப் போட்டா தும்மல் நிக்கும். ஆனா தூக்கம் வந்துருது. சல்லடை மிஷின்கிட்ட தூங்கி வழிஞ்சிக்கிட்டு நிக்க ஏலாதுங்களே. அதனால சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஒண்ணு போட்டுக்குவேன்."